சாவியை எடுத்த பிறகும் ஓடிய வண்டி

ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்த பிறகும் ஒர்க்‌ஷாப் ஆட்கள் என்னை விட்டபாடில்லை. வாட்ஸப்பில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். பண்டிகை வாழ்த்து, பேரன் பேத்தி படம், மூட்டுவலி வைத்தியம் என்று நாள் முழுக்க டிங் டிங்கென்று அடித்துக்கொண்டே இருக்கும். போன வாரம் அதில் கார்த்திக் ஒரு கேள்வி போட்டிருந்தான். கோயம்புத்தூரிலிருந்து இங்கே வங்காளத்துக்கு வந்து எங்கள் ஒர்க்‌ஷாப்பின் மின்சார வண்டிப் பிரிவில் சேர்ந்திருக்கும் இன்ஜினீயர் அவன். "வேதாக்கா, அந்த பவானிபூர் பேய் வண்டி கதை நிஜமா? இங்க ஆளாளுக்கு ஒரு மாதிரி சொல்றாங்க."

சொல்வார்கள், சொல்வார்கள். ஒருத்தர் கதையில் நான் மயக்கம் போட்டு விழுந்தேனாம். இன்னொருத்தர் கதையில் வண்டி ஆளே இல்லாமல் காளிகாட் மெட்ரோ வரைக்கும் போய்த் திரும்பியதாம். அட ராமா! அங்கே இருந்தவள் நான். நானே எழுதிவிடுகிறேன். நம்புவதும் நம்பாததும் கார்த்திக் பாடு.

அவன் வேலை செய்யும் வண்டிகளில் ஆல்டர்னேட்டரே கிடையாது. ஆகவே அவனுக்காக ஒரு வார்த்தை. பெட்ரோல் வண்டியை ஸ்டார்ட் செய்யும்போது பேட்டரி ஒரு பெரிய மூச்சு விடுகிறது. அதில் கொஞ்சம் பலம் போய்விடும். பிறகு என்ஜின் ஓட ஆரம்பித்ததும், பெல்ட் வழியாகக் கூடவே சுற்றி மின்சாரம் உண்டாக்கி, விளக்குக்கும் ஹாரனுக்கும் கொடுத்து, மிச்சத்தைப் பேட்டரியில் திருப்பி ஏற்றுவது ஆல்டர்னேட்டர். இதைத்தான் நான் வாழ்நாள் முழுக்கப் பிரித்து மாட்டிக்கொண்டிருந்தேன்.

என் கதை சுருக்கம். அப்பா அதே ஒர்க்‌ஷாப்பில் ஸ்டோர் கீப்பர். அவர் திடீரென்று போய்விட, இரக்கப்பட்டு எனக்கு வேலை கொடுத்தார்கள். ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படித்திருந்தேன். பெண்பிள்ளை வண்டிக்கு அடியில் எப்படிப் படுக்கும் என்று கூடிப் பேசி, ஆல்டர்னேட்டர் பிரிக்கும் மேசையில் உட்கார வைத்தார்கள். உட்கார வைத்த இடத்தில் உட்கார்ந்திருக்கும் பிறவியா நான்? கொஞ்ச காலத்தில் வண்டிக்கு அடியிலும் படுத்தேன். யாருக்கும் வானம் இடிந்து விழவில்லை.

எங்கள் போர்மேன் சமாத்தார் பாபு. ஒல்லி மனிதர், சட்டைப் பையில் பேனா இருக்காது, ஸ்க்ரூடிரைவர்தான் இருக்கும். அவர் வங்காளியில் பேசியதைத் தமிழில் எழுதுகிறேன், அந்தக் கடுகடுப்பு முழுசாக வராது. பேட்டரி ஏறவில்லை என்று ஒரு வண்டி வந்தால் அவருக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். தொளதொளவென்றிருந்தால் அதுவே பாதி நோய். அடுத்து பேட்டரி முனைகளில் பூத்திருக்கும் பச்சையை வெந்நீர் ஊற்றிக் கழுவச் சொல்வார். பிறகு மீட்டர். என்ஜின் நிற்கும்போது பன்னிரண்டரை வோல்ட்டாவது இருக்க வேண்டும். ஓடும்போது பதினாலுக்குப் போக வேண்டும். ஹெட்லைட்டைப் போட்டாலும் அங்கேயே நிற்க வேண்டும். பதினைந்தைத் தாண்டினால் பேட்டரி கொதித்துச் சாகும். இந்த வரிசையை யாராவது மாற்றினால் தொலைந்தான். தெருவோர மெக்கானிக் மாதிரி, ஓடுகிற வண்டியில் பேட்டரி ஒயரைப் பிடுங்கி ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறதா என்று சோதித்தால், "மாடு! மாடு!" என்று கத்திக்கொண்டே ஓடி வருவார். அப்படிப் பிடுங்கினால் வோல்டேஜ் எகிறி உள்ளே இருக்கும் டயோடுகள் செத்துவிடும்.

அவர் முன்னால் 'ஒருவேளை' என்ற சொல்லையும் சொல்லக் கூடாது. "ஒருவேளை பிரஷ் தேஞ்சிருக்கும்" என்றால், "பார்த்தியா? பார்க்கலையா? ரெண்டில் ஒண்ணைச் சொல்லு மா" என்பார். என்னை எப்போதும் 'மா' என்றுதான் கூப்பிடுவார்.

ஒரு நாள் காலை ராம்பிலாஸ் வந்தான். பவானிபூரில் ஒரு வக்கீல் வீட்டு டிரைவர்; பீகார்க்காரன், பெரிய மீசை. அந்த வீட்டு வெள்ளை அம்பாசிடர் எங்களுக்குப் பழக்கம். பழைய பெட்ரோல் வண்டி, வக்கீல் அதைக் குழந்தை மாதிரி வைத்திருந்தார். அந்தக் குளிர்காலத்தில் அவர் இறந்துபோனார். மனைவி மட்டும் தனியே இருந்தார், பிள்ளைகள் கிடையாது. நாங்கள் எல்லோரும் அவரை மாஷிமா என்போம், சித்தி என்கிற மாதிரி.

"தீதி, சாவியை எடுத்தாலும் வண்டி நிக்க மாட்டேங்குது" என்றான் ராம்பிலாஸ் என்னிடம். தீதி என்றால் அக்கா.

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. முகத்தில் ஈயாடவில்லை. குரலைத் தாழ்த்தி, "வக்கீல் பாபு போனதிலேருந்து இப்படி. மதியம் ஆனா மாஷிமா உள்ள போய் உக்காந்துக்கிறாங்க. கதவைச் சாத்திடச் சொல்றாங்க. வண்டியை ஸ்டார்ட் பண்ணி, சாவியைக் கையில எடுத்து வச்சுக்கிட்டுப் பேசிக்கிட்டே இருக்காங்க. வண்டி ஓடிக்கிட்டே இருக்கு. அப்புறம் அதுவா நிக்குது. பாபு கிளம்பிட்டாருன்னு சொல்லிட்டு எழுந்து வர்றாங்க" என்றான்.

சமாத்தார் பாபு டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார். "பூதம் இருக்கட்டும். முதலில் பெல்ட்டைப் பார்க்கலாம்." பையைத் தூக்கிக்கொண்டு தானே கிளம்பினார்.

சாயங்காலம் திரும்பி வந்தார். நேராகக் குழாயடிக்குப் போய் வாந்தி எடுத்தார். நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். கை நடுங்கிக்கொண்டிருந்தது. மீட்டர் முள் நடுங்கினால்கூடத் திட்டுகிற மனிதர்!

"பின் சீட்டில் ஒருத்தர் உட்கார்ந்திருந்தார் மா" என்றார். "வெள்ளை ஜிப்பா. கண்ணாடியில் பார்த்தேன்."

"ஒருவேளை..." என்று ஆரம்பித்தேன்.

"ஒருவேளை இல்லை. பார்த்தேன்."

வேறு யார் சொல்லியிருந்தாலும் சிரித்திருப்பேன். இவர் பார்க்காததைப் பார்த்தேன் என்று சொன்னதில்லை.

மறுநாள் நான் போனேன். பேயில் எனக்கு நம்பிக்கை கிடையாது. இருந்தாலும் போகிற வழியில் கோயில் பக்கம் ஆட்டோவை ஒரு நிமிஷம் நிறுத்தச் சொல்லிக் கும்பிட்டுக்கொண்டேன். அது வேறு, இது வேறு.

அந்த வீட்டில் வண்டி நிறுத்தும் இடம் தரைத்தளத்தில் ஒரு நீளமான அறை. ஜன்னல் கிடையாது. சந்தைப் பார்த்து இரட்டை மரக்கதவு. மாஷிமா கரையில்லாத வெள்ளைப் புடவையில் அங்கேயே எனக்காகக் காத்திருந்தார். இளைத்துப் போயிருந்தார், ஆனால் கன்னங்கள் மட்டும் சின்னப் பெண்ணுக்கு இருப்பதுபோல் சிவந்திருந்தன.

"வா மா. நீ வந்தது நல்லதாப் போச்சு. நேத்து வந்தவர் பாதியில எழுந்து ஓடிட்டார்" என்றார். "உட்கார். இவர் தூங்கி எழுந்துதான் வருவார்."

'வருவார்' என்று சொன்ன அந்தச் சாதாரணக் குரல்தான் என்னை என்னவோ செய்தது. கடைக்குப் போன ஆளைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னார்.

வண்டி ஓட்ட வக்கீலே மாஷிமாவுக்குக் கற்றுக்கொடுத்திருந்தார். அவர் ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்தார், நான் பக்கத்தில். ராம்பிலாஸ் வெளியே நின்று கதவுகளைச் சாத்தினான். இடுக்கு வழியாக ஒரு கோடு வெளிச்சம் மட்டும் விழுந்தது. மாஷிமா, பெட்ரோல் கூடுதலாக இறங்கச் சோக்கைப் பாதி இழுத்துவிட்டு, சாவியைத் திருப்பினார். என்ஜின் பிடித்தது. கொஞ்ச நேரம் ஓடவிட்டார். பிறகு சாவியைத் திருப்பி, உருவி, என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கினார்.

"இப்போ பார்."

என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. சாவி என் கையில். டாஷ்போர்டில் பெட்ரோல் முள் விழாமல் நிமிர்ந்தே நின்றது. எத்தனை வண்டி பார்த்திருப்பேன்! இப்படி ஒன்று என் முன்னால் நடந்ததில்லை.

மாஷிமா பின்னால் திரும்பாமலே பேசினார். "ஏங்க, சாப்பிட்டீங்களா? இன்னிக்கு மீன் நல்லாயில்லை, நான் வாங்கலை." என்ஜின் சத்தம் தணிந்தது. "கோவிச்சுக்காதீங்க." மறுபடி எழுந்தது. அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "பார்த்தியா? பதில் சொல்றார்."

பெட்ரோல் வாடை, பழைய தோல் சீட் வாடை. எனக்கு நெற்றிப் பொட்டில் யாரோ சுத்தியால் மெதுவாகத் தட்டுவது போல வலித்தது. கண்ணாடியைப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன். பின் சீட்டின் ஓரத்தில் ஒரு வெள்ளைக் கை. ஜிப்பாவின் கை, மடித்துவிட்டது. அதோடு ஒரு கனைப்பு. கோர்ட்டில் பேசப் போகிறவர் தொண்டையைச் சரிசெய்வாரே, அந்த மாதிரி. சத்தியமாகக் கேட்டேன். முருகா முருகா என்று வாய் சொல்கிறது, சத்தம் வரவில்லை.

பார்வையை வெளியே திருப்பினேன். சுவரோரம் அந்த ஒரு கோடு வெளிச்சத்தில் எலி ஒன்று மல்லாந்து கிடந்தது. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. அதற்கு அப்பால் ஒரு குஞ்சு. கடிபட்ட காயம் எதுவுமில்லை. சும்மா படுத்துத் தூங்குவது போல.

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. பாவி, புகை!

மூடிய அறையில் ஓடும் வண்டியின் புகையில் ஒரு வாயு உண்டு. அதற்கென்று வாடை கிடையாது. தலைவலி வரும், குமட்டும், கன்னம் சிவக்கும், இல்லாதது கண்ணுக்குத் தெரியும், காதில் விழும். அப்புறம் தூக்கம் வரும். அந்தத் தூக்கத்திலிருந்து எழுந்தவர் இல்லை. சோக்கை இழுத்துவிட்டால் இன்னும் மோசம்.

கதவைத் திறந்து இறங்கினேன். சுற்றிப் போய் மாஷிமாவை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். "விடு! அவர் உள்ளே இருக்கார்! அவரைத் தனியா விட்டுட்டு வர மாட்டேன்!" என்று என் தோளில் அடித்தார். "ராம்பிலாஸ், கதவைத் திறடா!" என்று நான் போட்ட சத்தம் சந்து முழுக்கக் கேட்டிருக்கும். அவன் திறந்தான். மாஷிமாவை அப்படியே வெளியே இழுத்து வந்து படியில் உட்கார வைத்தேன்.

உள்ளே யாரும் இல்லை. சாவி என் கையில் இறுகிக் கிடக்கிறது. வண்டி மட்டும் அந்த இருட்டறையில் தனியாக ஓடிக்கொண்டிருந்தது. சந்தில் நின்று அதைப் பார்த்த அந்த நேரத்தை என்னால் மறக்க முடியவில்லை. காரணம் எல்லாம் தெரிந்த பிறகும் முடியவில்லை.

புகை கொஞ்சம் வெளியேறும்வரை பொறுத்தேன். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடி, கிளட்சை மிதித்து, கியரைப் போட்டு, பிரேக்கை அழுத்திக்கொண்டு கிளட்சைச் சட்டென்று விட்டேன். வண்டி ஒரு தடவை உதறி நின்றது. வெளியே மாஷிமா, "அடிச்சு நிறுத்திட்டியா? அவரை அடிச்சு நிறுத்திட்டியா?" என்று அழுதுகொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் அவருக்கு ஆக்சிஜன் வைத்தார்கள். இன்னும் சில நாள் இப்படி உட்கார்ந்திருந்தால் இங்கே கொண்டுவர வேண்டியிருந்திருக்காது என்றார் டாக்டர். மாஷிமா கண் திறந்ததும் கேட்டது தண்ணீர் அல்ல, "சாவி எங்கே?" என்றுதான்.

வண்டியை அப்படியே விட்டால் வீட்டுக்கு வந்ததும் மறுபடி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். அடுத்த தடவை இழுத்து வெளியே போட நான் இருக்க மாட்டேன்.

அவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது வண்டியைச் சந்துக்குத் தள்ளிவந்து பார்த்தேன். சமாத்தார் பாபுவும் கூட வந்தார். பெல்ட் சரி. முனைகள் சரி. டாஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டேன். பேட்டரி படம் போட்ட சின்ன விளக்கு இருக்க வேண்டிய இடம் வெறும் ஓட்டையாக இருந்தது. பல்ப் இல்லை. அதற்குப் போகும் இரண்டு ஒயரையும் ஒன்றாக முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றியிருந்தது.

கார்த்திக், இதைக் கவனி. ஆல்டர்னேட்டர் தானாக மின்சாரம் பண்ணாது. அதற்குள் சுற்றும் சுருளைக் காந்தமாக்க முதலில் பேட்டரியிலிருந்து துளி மின்சாரம் வேண்டும். சாவியைத் திருப்பியதும் அந்தத் துளி இந்தச் சின்ன விளக்கு வழியாகத்தான் போகிறது. அதனால்தான் அது எரிகிறது. என்ஜின் ஓடி ஆல்டர்னேட்டர் பலம் பிடித்ததும் விளக்கின் இரண்டு பக்கமும் சமமாகிவிடும், அணைந்துவிடும். பல்பைப் பிடுங்கினால் அந்தத் துளி போகாது, பேட்டரி ஏறாது. சரி, ஒயரை நேராக முறுக்கிவிட்டால்? ஏறும். ஆனால் சாவியை எடுத்த பிறகு ஆல்டர்னேட்டரின் மின்சாரம் அதே ஒயர் வழியாகப் பின்னோக்கி ஓடி, என்ஜினுக்குத் தீப்பொறி கொடுக்கும் காயிலுக்குப் போய்விடும். நடுவில் பல்ப் இருந்தால் அதன் மெல்லிய கம்பி அவ்வளவு விடாது. பல்ப் இல்லையென்றால் வண்டிக்குச் சாவியே தேவையில்லை. என்ஜின் சூடாகி, பெட்ரோல் அதிகமாகித் திணறி, வேகம் குறைந்தால்தான் நிற்கும்.

"பல்பை எடுத்தது யாரு?" என்று திரும்பினேன்.

ராம்பிலாஸ் மீசையைத் தடவிக்கொண்டு தரையைப் பார்த்தான். "நான்தான் தீதி. காரியம் முடிஞ்சு மாஷிமா முதல்தடவை வண்டியில ஏறினாங்க. சாவியைப் போட்டதும் அது எரிஞ்சுது. சிவப்பு. கண்ணை மூடிக்கிட்டாங்க. என் முன்னாடி சிவப்பு எதுவும் இருக்கக் கூடாது, எடுத்துடுன்னாங்க. எடுத்துட்டேன். அப்புறம் பேட்டரி செத்துச்சு. ரோட்டோர மிஸ்திரி ஒயரை முறுக்கிவிட்டான்."

வகிட்டுக் குங்குமத்தை அழித்தாயிற்று, சுமங்கலிகள் உடுத்தும் சிவப்புக் கரைப் புடவையைப் பெட்டியில் வைத்தாயிற்று. கடைசியில் வண்டி விளக்கையும் பிடுங்கினார்களே! எங்கம்மா பொட்டை அழித்துவிட்டு வந்து நின்ற அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரம் அப்படியே திரும்ப வந்தது. எவன் கண்டுபிடித்தானோ இந்த வழக்கத்தை.

"ஒரு டயோடைக் கோத்துவிடு மா" என்றார் சமாத்தார் பாபு. "பின்னோக்கிப் போகாது. விளக்கே வேண்டாம். அவருக்குத் தெரியாமலே எல்லாம் சரியாகிவிடும்."

வேலை என்று பார்த்தால் சரிதான். டயோடு என் பையிலேயே இருந்தது. ஆனால் மாஷிமா வந்து சாவியை எடுப்பார், வண்டி செத்துவிடும். ஒரு வார்த்தை சொல்லாமல் அவருடைய ஆளை நாங்கள் இரண்டாம் தடவை எடுத்துக்கொண்டு போயிருப்போம். அப்புறம் அவர் வேறு எந்தக் கதவைச் சாத்திக்கொள்வாரோ. "முடியாது" என்றேன். அந்த மனிதரிடம் நான் முடியாது என்று சொன்னது அது ஒரு தடவைதான். அவர் கத்தவில்லை.

மாஷிமா வீட்டுக்கு வந்த மறுநாள் மதியம் போனோம். மரக்கதவு இரண்டையும் விரியத் திறந்து செங்கல் வைத்தேன். வெயில் வண்டியின் பின்பக்கம்வரை விழுந்தது. எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். பல்பைக் கையில் காட்டினேன்.

"சிவப்பா எரியுமா?" என்றார்.

"சிவப்பாத்தான் எரியும் மாஷிமா. வேணும்னா பச்சைக் கண்ணாடி போடலாம். ஆனா நீங்க சிவப்பைப் பார்க்கக் கூடாதுன்னு யாரு சொன்னது? அவரா?"

"அவர் அப்படிச் சொல்ற ஆளா!" என்று சட்டென்று கோபப்பட்டார். பிறகு, "யாரும் சொல்லலை. நானேதான்" என்றார். "இதைப் போட்டா அவர் வர மாட்டாரா?"

"எனக்குத் தெரியாது மாஷிமா. சாவியை எடுத்தா என்ஜின் நிக்கும். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

வெகுநேரம் பல்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "போடு" என்றார்.

முறுக்கைப் பிரித்து, ஹோல்டரை மாட்டி, பல்பைப் பொருத்தினேன். மாஷிமா ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்தார். நான் வெளியே, அவர் பக்கத்துக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சமாத்தார் பாபு தெருவாசலில் நின்றார். மாஷிமா சாவியைத் திருப்பினார், சின்னச் சிவப்பு வெளிச்சம் வந்தது. இந்தத் தடவை அவர் கண்ணை மூடவில்லை. என்ஜின் பிடித்தது, விளக்கு அணைந்தது. கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு கண்ணாடியைப் பார்த்து, மெதுவாக, வழக்கமாகச் சொல்வது போலச் சொன்னார்: "ஏங்க, வீடு வந்துருச்சு. இறங்குங்க."

சாவியை எடுத்தார். என்ஜின் நின்றது.

புகை இல்லை. என் தலை தெளிவாக இருந்தது. என் கை வண்டிமேல்தான் இருந்தது. கனமான ஆள் இறங்கினால் பின்பக்கம் எழும்புமே, அப்படி ஒரு விரற்கடை மேலே வந்து நின்றது வண்டி. நான் எலக்ட்ரீஷியன், ஸ்பிரிங் என் பிரிவு இல்லை. திரும்பிப் பார்த்தேன். வாசலில் நின்ற சமாத்தார் பாபு யாருக்கோ வழி விடுவது போலச் சுவரோரம் ஒதுங்கி, தலையை லேசாகக் குனிந்துகொண்டிருந்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை. அவரும் சாகும்வரை சொல்லவில்லை.

மாஷிமா இறங்கி, வண்டிக் கதவைப் பூட்டி, சாவியைப் புடவை முந்தானையில் முடிந்துகொண்டார்.

"பசிக்குது மா" என்றார்.